கட்டில் அடைத்த பாதை

லா ஃபொஸ்ரி பண்ணையிலிருந்து வெளியே போக ஒரே வழிதான். அது பெர்த் கிழவியின் சமையலறை ஜன்னலை உரசிக்கொண்டு போகிறது. அர்லெத் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாள் முதல், அவள் முற்றத்தில் கால் வைத்ததும் ஜன்னல் திறந்துகொள்ளும்.

"எங்க?"

"ரொட்டி வாங்க, அம்மா."

"நேத்துதானே வாங்கின?"

"தீர்ந்து போச்சு."

"எப்ப வருவ?"

தினமும் இதே கேள்விகள். போப்பாண்டவரே அந்த முற்றத்தைக் கடந்து போயிருந்தாலும், எப்போது திரும்புவீர்கள் என்று கேட்காமல் கிழவி விட்டிருக்க மாட்டாள். அர்லெத் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. பதில் சொல்லிவிட்டுப் போவாள், சொன்ன நேரத்துக்குத் திரும்புவாள்.

நார்மண்டியில் எங்கள் பக்கத்து வயல்களை வெளியூர்க்காரர்கள் படம் பிடித்துத் தள்ளுகிறார்கள். ஒவ்வொரு வயலைச் சுற்றியும் மண்கரை, கரைமேல் உயிர்வேலி. ஓக்கும் ஹேசலும் ஹாலியும் முள்ளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கும். என்ன பசுமை, என்ன அழகு என்கிறார்கள். உள்ளேயே கிடந்து பார்த்தால் தெரியும். ஒரு வயலில் நின்றால் அடுத்த வயல் தெரியாது. பக்கத்து வீட்டில் ஆள் செத்தாலும் மாதா கோயில் மணி அடித்தால்தான் தெரியும். அதிலும் லா ஃபொஸ்ரி அடிமட்டப் பள்ளத்தில் இருக்கும் பண்ணை. நாலு பக்கமும் வேலி, மேலே ஒரு துண்டு வானம்.

அவள் புருஷன் மார்சியால் கெட்டவன் இல்லை. அதுதான் அர்லெத்துக்குத் தொல்லை. குடித்துவிட்டு வந்து கத்தினான், கை ஓங்கினான் என்று சொல்லி அழ அவளுக்கு எதுவும் கிடையாது. கல்யாணமான புதிதில் ஒருதரம் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று கேட்டாள்.

"எதுக்கு? நான் இருக்கேனே. எங்க போகணும்னாலும் சொல்லு, கூட்டிட்டுப் போறேன்."

சொன்னபடியே செய்தான். பல் டாக்டர், சந்தை, அவளுடைய தங்கை வீட்டுக் கல்யாணம், எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை. வண்டியை நிறுத்திவிட்டு வாசலிலேயே காத்திருப்பான். ஒருமுறை அவளுக்குத் தையல்கடையில் அரைமணி நேரம் கூடுதலாகிவிட்டது. அவன் கோபப்படவே இல்லை. இறங்கி வந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பண்ணைக்கு இன்னொரு வழியும் ஒருகாலத்தில் இருந்தது. கன்றுக்கொட்டிலுக்குப் பின்னால், இரண்டு உயிர்வேலிகளுக்கு நடுவே, தரையைவிட ஓர் ஆள் ஆழத்தில் போகும் பள்ளப்பாதை. மாட்டு வண்டிச் சக்கரமும் மழைத்தண்ணீரும் சேர்ந்து நூற்றுக்கணக்கான வருஷமாக அரைத்த பள்ளம். ஓடையைக் கடந்து மேட்டுக்கு ஏறி, கல் சிலுவை நிற்கும் தார் ரோட்டில் போய் முட்டும். மாமனார் எமில், ஊராட்சியோடு ஏதோ ஒரு சாக்கடை விவகாரத்தில் சண்டை போட்டுக்கொண்டு, அதன் வாயை அடைத்துவிட்டார். அடைக்க எடுத்தது ஓர் இரும்புக் கட்டில். எங்கள் பக்கத்தில் பழைய கட்டிலை யாரும் தூக்கி எறிய மாட்டார்கள், வேலியில் சந்து விழுந்தால் அதைத்தான் நிறுத்துவார்கள். எமில் தன் அம்மா உயிர்விட்ட கட்டிலை நிமிர்த்தி நிறுத்தி, முள்கம்பி சுற்றி, இனி எவனும் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்றார். யாரும் வரவில்லை. வீட்டுக்கு வீடு கார் வந்துவிட்ட காலம், பள்ளத்தில் இறங்கி நடக்க யாருக்கு என்ன தலையெழுத்து?

அர்லெத் மட்டும் நடந்தாள்.

கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் ஒரு ஹாலி புதர். உடம்பைக் குறுக்கினால் அதன் அடியில் நுழைந்துவிடலாம். வியாழக்கிழமை மார்சியால் மாட்டுச் சந்தைக்குப் போவான். சாப்பிட்டதும் கிழவி கண்ணயர்வாள். அர்லெத் கையில் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு கொட்டில் பக்கம் போவாள். வாளி எதற்கென்றால், எங்களில் யாரும் வெறுங்கையோடு நடப்பதில்லை. நடக்கிறவன் கையில் வாளியோ கயிறோ கொடுவாளோ இல்லையென்றால் ஒன்று அவன் வீட்டில் சாவு, அல்லது அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. யாராவது பார்த்துவிட்டால் காளான் பொறுக்க வந்தேன் என்று சொல்ல அவளுக்கு வாளி இருந்தது. முப்பது வருஷத்தில் யாரும் பார்க்கவில்லை. மேலே ரோடு வரை போவாள், சிலுவைப் பக்கத்தில் கொஞ்சநேரம் நிற்பாள், திரும்பி வருவாள். அவ்வளவுதான். வேறு எதையாவது எதிர்பார்க்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், வேறு எதுவும் கிடையாது.

வாரம் முழுக்கவும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவள் மூச்சு விட்டாள்.

கொரின் என்கிற நர்ஸ் வந்து ஊரைக் கிளறிவிட்ட பிறகுதான் இதெல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. பெர்த் கிழவியின் காலில் ஆறாத புண். தினமும் காலையில் கட்டு மாற்ற கொரின் வருவாள். ஊராட்சியில் துணைத்தலைவரும் அவள்தான், நடைபாதை அமைக்கிற வேலை அவள் தலையில். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும்.

"மதாம் பெர்த், புண்ணு நல்லா காயுது. கோடைக்குள்ள நீங்களே எங்க புதுப் பாதையில நடக்கலாம் பாருங்க."

"எனக்கென்ன பைத்தியமா? எதுக்கு நடக்கணும்?"

"சும்மாதான். நாலு மரம் பார்க்க, காத்து வாங்க."

"காத்து ஜன்னல்லயே வருது. மரத்தை எண்பது வருஷமா பார்த்துட்டுத்தான் இருக்கேன், அதுவும் என்னைப் பார்த்துட்டுத்தான் இருக்கு."

கொரின் சிரித்துக்கொண்டே அர்லெத் பக்கம் திரும்பினாள். "மாதா கோயில்ல ஆரம்பிச்சு, ஆலை வழியா வந்து, உங்க கொட்டிலுக்குப் பின்னாடி இருக்கிற பள்ளப்பாதையில ஏறி, மேட்டு ரோடு. அந்தப் பாதை இல்லேன்னா மிச்சம் பூரா தார் ரோடுதான் மதாம் அர்லெத். தார் ரோட்டுல நடக்க பாரிஸ்லேர்ந்து எவன் வருவான்?"

"அது அடைச்சுக் கிடக்கு," என்றாள் அர்லெத், தலை நிமிராமல்.

"அடைச்சாலும் ஊர்ப் பாதைதானே?"

அன்று மதியச் சாப்பாட்டில் மார்சியால் தன் பங்குக்கு ஒன்று சொன்னான். பன்றிக்கறித் துண்டை ரொட்டியில் வைத்து அழுத்திக்கொண்டே, சர்வசாதாரணமாகச் சொன்னான்.

"அறுவடை முடிஞ்சதும் பொக்லைன் வருது. பள்ளத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற கரையை இடிச்சு அதுக்குள்ளயே தள்ளிட்டா, மேல் வயலும் கீழ் வயலும் ஒண்ணாயிடும். மக்காச்சோளம் போடலாம். டிராக்டர் திரும்ப இடம் கிடைக்கும்."

"ஊர்ப் பாதைங்கிறாளே அந்த கொரின்," என்றாள் கிழவி.

"முப்பது வருஷமா எவனும் கால் வைக்கல. அப்பா அடைச்சது அடைச்சதுதான். அப்படி இருந்தா அது நம்மளுதுன்னு சட்டமே சொல்லுது. விசாரணைக்கு ஒரு அதிகாரி வரானாம். வந்து பார்த்துட்டுப் போகட்டும், உள்ள முள்ளு சுவர் மாதிரி நிக்கும்."

அர்லெத் ரொட்டியைத் தட்டிலேயே வைத்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். பாதை போய்விட்டால் வியாழக்கிழமை போய்விடும். வியாழக்கிழமை போய்விட்டால் மிஞ்சுவது ஜன்னலும் கேள்வியும். அவளுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது, கிழவிக்கு எண்பத்தைந்து. தானும் அந்த ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து யாரையாவது எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கப் போகிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

மறுநாள் கட்டு மாற்றிவிட்டுக் கை கழுவ வந்த கொரின், குழாயடியில் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்கு ஒரே ஒரு சாட்சி வேணும். நான் அந்தப் பாதையில நடந்திருக்கேன்னு சொல்ல ஒரே ஒரு ஆள். எல்லார் வீட்டுப் படியும் ஏறிட்டேன். உங்க வீட்டுக்காரரோட அறுவடை மெஷினை எல்லாரும் இரவல் வாங்குறாங்க, அப்புறம் எவன் வாயைத் திறப்பான்? நீங்க யாரையாவது பார்த்திருக்கீங்களா?"

"எனக்கென்ன தெரியும்."

"அடுத்த வாரம் அதிகாரி நேர்ல வராரு. உள்ள இறங்கிப் பார்ப்பாராம்."

உள்ளே இறங்கிப் பார்ப்பார் என்றதும் அர்லெத் கொட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஏனென்றால் உள்ளே முள் சுவர் கிடையாது.

வேலி நாட்டில் பிறந்தவளின் கை சும்மா இருக்காது. முகத்தில் முள்கொடி இடித்தால் நாங்கள் குனிந்து போக மாட்டோம், வெட்டிவிட்டுப் போவோம். அர்லெத் முதல் வருஷமே வாளிக்குள் ஒரு கொடுவாளைப் போட்டுக்கொண்டாள். போகும்போது நாலு கொடி, வரும்போது நாலு கொடி. அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஓடைக்கு மேலே கரையில் ஒரு சந்து விழுந்திருந்தது. வேலியில் சந்தைப் பார்த்துவிட்டு அப்படியே போவது, சட்டையில் பொத்தான் இல்லாமல் பூசைக்குப் போகிற மாதிரி. ஒரு வியாழக்கிழமை அவளால் தாங்க முடியவில்லை. இளம் ஹேசல் தண்டுகளை அடியில் பாதி வெட்டி, உயிர் போகாமல் சாய்த்து, நட்ட முளைக்குச்சிகளுக்கு இடையே பின்னி அந்தச் சந்தை மூடினாள். அடுத்த வருஷம் இன்னொரு சந்து. இப்படியே பாதை நெடுக. யாருக்கும் தெரியாத பாதையில், யாரும் பார்க்காத வேலியை, யாரும் குறை சொல்ல முடியாதபடி வைத்திருந்தாள்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கத்தில் வெட்டுவாயைப் பார்த்தே வெட்டியது யார் என்று சொல்லிவிடுவார்கள். அர்லெத் இடக்கைக்காரி. அந்தப் பள்ளத்தாக்கில் கொடுவாளை இடக்கையில் பிடிக்கிறவள் அவள் ஒருத்திதான். அவளுடைய வெட்டுகள் எல்லாமே மற்றவர்கள் வெட்டுகிற பக்கத்துக்கு நேர் எதிராகச் சாய்ந்திருக்கும்.

அந்த வியாழக்கிழமை அவள் ஹாலிக்கு அடியில் நுழைந்து உள்ளே நின்று பார்த்தாள். போன வாரத்து வெட்டு வெள்ளையாக, போன வருஷத்து வெட்டு சாம்பலாக, அதற்கு முந்தியவை பாசி பிடித்து, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்துகொண்டு நின்றன. வலக்கையில் கொடுவாளைப் பிடித்து, பழைய வெட்டின்மேல் எதிர்ப்பக்கமாக வெட்டிப் பார்த்தாள். பழகாத கை. வாள் நழுவிப் பட்டையை உரித்தது, அடுத்ததில் தண்டு பிளந்தது. எலி கடித்த ரொட்டிகூட அதைவிட ஒழுங்காக இருக்கும். அழிக்க வந்தவள் இன்னும் பத்து வெட்டைக் கூட்டியதுதான் மிச்சம். கரையில் உட்கார்ந்து அழுதாள், பிறகு அழுவதற்கும் நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்தாள்.

அதிகாரி நகரத்து ஷூ போட்டுக்கொண்டு வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த மரியாதையான மனிதர். கொரின் வந்தாள். பக்கத்துப் பண்ணைக்காரர் ஓகூஸ்த் வந்தார், வேலி பின்னுவதில் எங்கள் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கன்றுகள் வெளியே ஓடாமல் பார்த்துக்கொள்ள அர்லெத்தை நிற்க வைத்தான் மார்சியால். முள்கம்பியை அறுத்து, கட்டிலை நகர்த்தி, எல்லோரையும் உள்ளே விட்டான்.

"கொஞ்சம் பார்த்து வாங்க ஐயா, முள்ளு கிழிச்சிடும்," என்றான். பத்தடி நடந்தான். பிறகு நின்றுவிட்டான்.

தலைக்கு மேலே ஓக் கிளைகள் கூடிக் கூரை போட்டிருந்தன. காலடியில் உலர்ந்த இலை. ஒரு முள்கொடி இல்லை. அதிகாரி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார்.

"நல்லா இருக்கே. யாரும் வரதில்லைன்னு சொன்னீங்க?"

"பன்னிங்க வரும் ஐயா. காட்டுப் பன்னி. அதுங்க நடந்து நடந்து..."

"உங்க ஊர்ப் பன்னி கொடுவாள் வேற எடுத்துட்டு வருமோ?"

மார்சியால் ஒரு தண்டுக்குப் பக்கத்தில் குனிந்தான். அவன் வெட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றைத் தொட்டான், அடுத்ததைத் தொட்டான். பாதையின் வாயிலிருந்து இதைப் பார்த்த அர்லெத், கன்றுகளை மறந்துவிட்டு உள்ளே இறங்கி வந்தாள். ஓகூஸ்த் ஓடை வரை போய், பின்னிய ஹேசல் முன்னால் குனிந்தார். உயிர் பிடித்து, துளிர்த்து, முழங்கை கனத்துக்குப் பருத்திருந்த பின்னல். அவருக்குத் தொழில் புத்தி, தன்னை மறந்துவிட்டார்.

"அடேயப்பா. என்ன கைடா இது!"

"யாரோட கை?" என்றார் அதிகாரி.

ஓகூஸ்த் நிமிர்ந்தார். அவர் பார்வை நேராக அர்லெத்தின் இடக்கைக்குப் போயிற்று, உடனே தரைக்குத் திரும்பியது. தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். கொரின் மாறி மாறிப் பார்த்தாள், அவள் நகரத்தில் வளர்ந்தவள், ஒன்றும் பிடிபடவில்லை.

"நான்தான் வெட்டினேன்," என்றான் மார்சியால்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"என் வேலி. என் பாதை. நான் வெட்டாம வேற எவன் வெட்டுவான்? முப்பது வருஷமா நான்தான் பார்த்துக்கிறேன். எழுதிக்கங்க." அவன் குரல் கரகரத்தது. "இல்லையா அர்லெத்? நீ தினமும் கொட்டில்ல நிக்கிறவ. வேற யாராவது உள்ள போய்ப் பார்த்திருக்கியா? சொல்லு."

அவன் முகம் வெளிறியிருந்தது. ஆனால் கண்ணில் கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது. இல்லை என்று ஒரு சொல் சொல், இதை யாரும் இனி பேச வேண்டாம், நானும் கேட்க மாட்டேன் என்கிற பார்வை. அந்தக் கணத்தில் அர்லெத்துக்கு அவன்மேல் பாவமாக இருந்தது. எப்போதும்போல அவளை வண்டியில் ஏற்றி வீட்டில் கொண்டுபோய் இறக்கிவிடத்தான் பார்க்கிறான். ஏறிக்கொண்டால் போதும். இலையுதிர் காலத்தில் பொக்லைன் வரும்.

"அவரு இல்ல," என்றாள். "நான்."

"மதாம்?"

"நான்தான் வெட்டினேன். நான்தான் நடக்கிறேன். கல்யாணமான அடுத்த வருஷத்துலேர்ந்து, ஒவ்வொரு வியாழக்கிழமையும்."

அதிகாரி எழுதிக்கொண்டே கேட்டார். "எங்க போறதுக்கு?"

"மேட்டு ரோடு வரைக்கும்."

"அங்க யாரையாவது பார்க்க?"

"இல்ல. போய் நின்னுட்டுத் திரும்பி வருவேன்."

"காரணம்?"

அர்லெத் கொஞ்சம் யோசித்தாள். உண்மையான பதில் ஒன்றுதான் இருந்தது.

"சும்மா," என்றாள்.

ஓகூஸ்த் இருமினார். கொரின் சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள், ஆனால் அவள் உதட்டோரத்தில்கூட ஒரு சின்னச் சிரிப்பு, நம்பாத சிரிப்பு. சும்மா நடக்கிறவர்களுக்காகப் பாதை போடுகிற கொரினுக்கே நம்பிக்கை வரவில்லை என்றால் ஊரை என்ன சொல்வது? ஒரு வாரத்தில் அவள் பார்க்கப் போன ஆளைத் தேடிப்பிடித்துவிட்டார்கள். பழைய தபால்காரர் என்றது ஒரு கட்சி, மாட்டு டாக்டர் என்றது இன்னொரு கட்சி. செத்து இருபது வருஷமான பாதிரியாரைக்கூட விட்டுவைக்கவில்லை.

வீட்டில் மார்சியால் இரண்டு நாள் சாப்பிட்டதும் கொட்டிலுக்குப் போய்விட்டான். மூன்றாம் நாள் பால் கறக்கும்போது, மாட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான்.

"யாரு?"

"யாருமில்லன்னு சொன்னேனே."

"சொல்லிடு அர்லெத். நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். செத்துட்டானா?"

"யாருமே இல்ல."

மாடு வாலை வீசியது. அவன் நெற்றியை அதன் வயிற்றில் சாய்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு ஆள் இருந்தாக்கூட எனக்குப் புரியும்," என்றான். "போய் ரெண்டு அறை விட்டுட்டு வந்திருப்பேன். இப்ப நான் போய் யாரை அடிக்க?"

அர்லெத் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். ஜன்னல் ஓரத்துக் கிழவிக்குத்தான் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. "வாரா வாரம் போயிருக்கா, ஒரு ஆளைக்கூடப் பிடிக்கத் தெரியல," என்றாள்.

பாதை பிழைத்தது. ஊருக்கே சொந்தம் என்று தீர்ப்பு எழுதி வந்தது, பொக்லைன் வேறு ஊருக்குப் போயிற்று. அந்தக் குளிர்காலத்தில் கொரின் ஆட்களைக் கூட்டி வந்தாள். ஓடைக்குப் பலகைப் பாலம் போட்டார்கள், மரத்துக்கு மரம் மஞ்சள் கோடு தீட்டினார்கள், கட்டிலை எடுத்துவிட்டு நடக்கிறவர்கள் மட்டும் நுழைகிற மாதிரி ஒரு சின்னப் படல் வைத்தார்கள். வேலையெல்லாம் முடிகிற சமயத்தில், பனி உறைந்திருந்த ஒரு காலையில், பெர்த் கிழவி முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவளால் படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. தனியாக விடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். யாராவது ஒருவர் எப்போதும் கூடவே இருக்க வேண்டும்.

வசந்தத்தில் திறப்பு விழா. கொரின் ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலை அர்லெத் கையில் கொடுக்க வேண்டுமென்று ஆசைப்பட்டாள். அர்லெத் வரவில்லை. அன்று கிழவிக்குக் காய்ச்சல், படுக்கை விரிப்பை மூன்றுமுறை மாற்ற வேண்டியிருந்தது. கொட்டில் பக்கமிருந்து கைதட்டல் கேட்டது. அப்புறம் சிவப்பும் நீலமுமாகச் சட்டை போட்ட ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டு பள்ளத்தில் இறங்குகிற சத்தம்.

"யாரு அது?" என்றாள் கிழவி.

"நடக்கிறவங்க."

"எங்க போறாங்க?"

"மேட்டு ரோட்டுக்கு."

"எப்ப திரும்புவாங்க?"

அடுத்த வியாழக்கிழமை மார்சியால் சந்தைக்குப் போகவில்லை. அம்மாவை வைத்துக்கொண்டு அலைய முடியாது, மாட்டுத் தரகனே வீட்டுக்கு வரட்டும் என்று சொல்லிவிட்டான். மதியம் சாப்பிட்டு முடித்ததும் அர்லெத் துணிந்து கேட்டாள்.

"ஒரு மணி நேரம் அம்மா பக்கத்துல இருக்கியா? நான் போயிட்டு வந்துடறேன்."

அவன் மறுப்புச் சொல்லவில்லை, முகம் மட்டும் சுருங்கியது. "இருக்கலாம். ஆனா விரிப்பை மாத்தணும்னா எனக்குத் தெரியாதே. அம்மாவும் என்னைத் தொட விட மாட்டா." தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "அந்த ஆளுங்க நம்ம வேலியை மிதிச்சுப் போட்டிருப்பானுங்க. நான் போய் ஒரு பார்வை பார்த்துட்டு வரேன். நீ இரு."

போனான். வேலி நன்றாகத்தான் இருக்கிறது என்று வந்து சொன்னான். அடுத்த வாரம் ஓடைப் பாலத்தைப் பார்க்கப் போனான். அதற்கடுத்த வாரம் ஒரு காரணமும் சொல்லாமல் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினான், எங்கே என்று அவளும் கேட்கவில்லை. வேறு நாட்களில் அவளுக்கு ஒரு மணி நேரம் கிடைக்காதா என்று நீங்கள் கேட்கலாம். இரண்டுதரம் கிடைத்தது. முதல் தரம் பாதையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். இரண்டாம் தரம் ஓகூஸ்த் எதிரே வந்து, சிலுவைப் பக்கம் யாரும் காத்திருக்கவில்லையே மதாம் என்று கேட்டுக் கண்ணடித்தார். அவள் பாதி வழியில் திரும்பிவிட்டாள்.

கோடை வந்தது. மார்சியாலின் வியாழக்கிழமை நடையை ஊரே தெரிந்துகொண்டது. அவனைக் கேலி செய்ய யாருக்கும் தோன்றவில்லை, ஆண்பிள்ளை தன் நிலத்தைச் சுற்றிப் பார்க்கிறான் என்று விட்டுவிட்டார்கள். போகும்போது இருந்த முகம் திரும்பி வரும்போது அவனுக்கு இருப்பதில்லை, நெற்றிச் சுருக்கம்கூட இறங்கியிருந்தது. ஒருநாள் வழக்கத்தைவிட நேரமாகி வந்தான். அர்லெத் கிழவியைப் புரட்டிப்போட்டு முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் அறை வாசலில் சாய்ந்து நின்றான். ஏதோ சொல்ல வந்து வெட்கப்படுகிற சின்னப் பையன் மாதிரி இருந்தது அவன் நிற்பது.

"எங்க போன?" என்றாள் கிழவி, தலையணையில் முகம் புதைந்தபடி.

"மேல வரைக்கும்மா."

பிறகு மனைவியிடம் திரும்பினான். அவன் அவளிடம் இவ்வளவு மெதுவாகப் பேசி வருஷக்கணக்காகியிருந்தது.

"அர்லெத், நீ அன்னிக்குச் சும்மான்னு சொன்னல்ல. எனக்கு இப்பதான் புரியுது. அந்தச் சிலுவைகிட்ட நின்னு இந்தப் பக்கம் திரும்பினா நம்ம வீடு தெரியுது. பூரா பண்ணையும் இவ்வளவுதான்." உள்ளங்கையை விரித்துக் காட்டினான். "இதுக்குள்ளயா இத்தனை வருஷம் இருந்தோம்னு தோணுது. அங்கேர்ந்து பார்த்தா நம்ம வீடு எவ்வளவு சின்னது தெரியுமா உனக்கு?"

"தெரியும்," என்றாள் அர்லெத். துணியைப் பிழிந்து, கிழவியின் மறுபக்கத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.